குடுவை மாட்டும் நாள்

சர்க்கரைத் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலக்கத் தேவையில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது என்று எனக்கே நினைவில்லை. சிட்டு குடிப்பதற்காக வெளியே தொங்கவிடும் குடுவையின் மூடி சிவப்பாக இருந்தால் போதும், பூவில் தேன் குடிக்கும் அந்தக் கட்டைவிரல் அளவு ரீங்காரச் சிட்டுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். தேன் கூடவே கூடாது, பூஞ்சை பிடித்துப் பறவையின் நாக்கு வீங்கிப்போகும். உங்கள் முகத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் சாயம் கலக்கிறார்கள் என்று தெரிகிறது. பரவாயில்லை. வனக்காவலர்களுக்குக் கரடியைப் பற்றி மட்டும்தான் பாடம் எடுப்பார்கள் போலிருக்கிறது.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மார்செல்லா டன்னிங் எப்படிச் செத்தாள் என்பதைக் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள், தெரியும். கூப்பிட்டவனே நான்தானே. ஆனால் குடுவையை எந்த நாளில் மாட்டவேண்டும் என்பது விளங்காதவர்களுக்கு அவள் சாவும் விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஹார்லோ மில்ஸில் வசந்தம் வருவதைச் சேற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பனி உருகி, பாதையெல்லாம் கூழாகி, டிரக் புதைந்து, ஊரே ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது சிட்டுகள் தெற்கேயிருந்து கிளம்பியிருக்கும். ஆண் சிட்டுகள்தான் முதலில் வரும். போன வருஷம் குடுவை தொங்கிய அதே இடத்துக்கு வந்து பார்க்கும். இல்லையென்றால் போய்விடும். அதனால் தாமதமாக மாட்டக்கூடாது. சீக்கிரமாகவும் மாட்டக்கூடாது, ஏனென்றால் அதே சமயத்தில்தான் கருங்கரடிகள் குளிர்காலத் தூக்கம் கலைந்து, ஒட்டிய வயிற்றோடு, இனிப்பு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வரும். ஆற்றங்கரையில் ஷாட் மரங்கள் இலை விடுமுன் வெள்ளையாகப் பூக்கும் நாள்தான் சரியான நாள். அதற்குள் காட்டில் கரடிக்குப் பசுமை கிடைத்துவிடும், சிட்டும் வந்துவிடும். அப்போதும் இருட்டுவதற்குள் குடுவையை உள்ளே எடுத்துவிட வேண்டும், விடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும்.

அந்த நாளை இந்த ஊருக்குச் சொல்பவன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஷாட் பூத்ததும் வெர்னாவின் கடை வாசலில் நான் ஒரு குடுவை மாட்டுவேன். அதைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க மாட்டும். "ஆல்டன் மாட்டியாச்சா?" என்று ஏப்ரல் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தேவாலயத்தில் பாடுவதற்குக் குரலும் இல்லை. ஊரில் என் பெயரை யாராவது சொன்னார்கள் என்றால் அது அந்தக் கேள்வியில்தான். அது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்குச் சீருடை இருக்கிறது, நினைக்கலாம்.

மார்செல்லா கனெக்டிகட்டில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்தபிறகு பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷி. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். என் பல்லைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே மூன்று குறை சொன்னாள். போன வருஷம் ஏப்ரல் பாதியில், சேறு காயாத முற்றத்தில், படிக்கு அருகே கம்பம் நட்டுக் குடுவையை மாட்டினாள். நான் வேலியருகே போய் நின்றேன்.

"இப்ப மாட்டக்கூடாது" என்றேன்.

"ஏன் ஆல்டன், இந்த ஊருக்குள்ள வர்றதுக்குச் சிட்டும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"சிட்டுக்காகச் சொல்லல. கரடி முழிச்சிருக்கும்."

"இருட்டறதுக்குள்ள உள்ள எடுத்து வச்சிடுவேன், கவலைப்படாதீங்க. எங்கேயோ ஒண்ணு அவசரப்பட்டு முன்னாடியே வந்து பட்டினியா நின்னா, அந்தப் பாவத்தை யாரு சுமக்கறது? நீங்களா?"

அவள் சொன்ன மாதிரியே ஒன்று வந்தது. இரண்டே நாளில், பனி தூறிக்கொண்டிருந்த காலையில், அவள் குடுவையில் ஒரு ஆண் சிட்டு. அவள் அதைப் படம் எடுத்து வெர்னாவிடம் காட்ட, வெர்னா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். நான் பால் வாங்கப் போனேன். மேப்பிள் பாகு காய்ச்சும் ராய்ஸ் பேக்லி அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆல்டன், உங்க ஷாட் மரத்துக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்கப்பா. விருந்தாளி வந்தாச்சு" என்றான்.

"அது வழி தப்பி வந்தது" என்றேன்.

"வழி தப்பினாலும் வீடு தப்பலையே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பதற்கு ஒன்றும் செலவில்லை. அந்த வருஷம் ஷாட் பூத்து, நான் கடை வாசலில் குடுவையை மாட்டியபோது, ஊரில் பாதி வீட்டில் ஏற்கெனவே குடுவை தொங்கிக்கொண்டிருந்தது. வெர்னா என்னைப் பார்த்து, "அட, நீங்களும் மாட்டிட்டீங்களா?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

அப்போதுகூட நான் யாரையும் ஒன்றும் செய்வதாக நினைக்கவில்லை. ஒரு பறவை வழி தப்பலாம், ஒரு ஊர் ஒரு வருஷம் புத்தி கெடலாம். அடுத்த மார்ச்சில்தான் ஊர்க்கூட்டம் நடந்தது.

எங்கள் ஊர்க்கூட்டம் உங்களுக்குத் தெரியும். மார்ச் முதல் செவ்வாய், பள்ளிக்கூட அரங்கத்தில், வரி எவ்வளவு, பனி தள்ளும் வண்டிக்குப் புது டயர் வேண்டுமா என்றெல்லாம் கையைத் தூக்கி முடிவு செய்வோம். இடையில் அவரவர் கொண்டுவந்த சாப்பாடு. கடைசியில் தலைவர் "இதர விஷயங்கள் உண்டா?" என்று கேட்பார். இந்த வருஷம் ராய்ஸ் எழுந்தான்.

"ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன். இனிமே குடுவை என்னிக்கு மாட்டணுங்கறதை மார்செல்லா சொல்லட்டும். ஆல்டன் ஷாட் மரத்தைச் சுத்தி வந்து முடிக்கறதுக்குள்ள சிட்டுக்குப் பேரன் பேத்தி பொறந்துடுது."

"வழிமொழியறேன்" என்றாள் வெர்னா, வாயில் கேக்கை வைத்துக்கொண்டு.

தலைவரும் விளையாட்டுக்குத் துணை போனார். ஆதரிப்பவர்கள் என்றார். அரங்கமே "ஆமா" என்று அதிர்ந்தது. எதிர்ப்பவர்கள் என்றார். நான் மடியில் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், "இல்லை" என்றது. மார்செல்லா.

அது நல்ல மனசு என்று உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் அப்படித் தோன்ற வேண்டுமென்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முயன்று பார்த்தேன். ஊரே என்னைத் தூக்கி எறிந்தபோது, எனக்குக் கிடைத்த ஒரே வாக்கு என்னை எறியக் காரணமானவளின் கையிலிருந்து. அவள் சிரித்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன்.

சரி, கரடிக்கு வருகிறேன். பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டீர்கள், கவனித்தேன்.

மார்செல்லாவின் வீட்டு முன்தாழ்வாரம் மூன்று பக்கமும் கொசுவலை அடித்தது. வெளியே போக ஒரே வழி, படிக்கட்டு. வலைக்கதவு ஒன்று உண்டு, அதன் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வேண்டுமென்று அவள் போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக் கதவைத் திறந்தால் தாழ்வாரத்தின் நடுவில்தான் வந்து நிற்க வேண்டும். வலது மூலையில் பழைய பிரம்பு நாற்காலிகள். வியாழக்கிழமைகளில் அவள் பாடல் பயிற்சிக்குத் தேவாலயம் போவாள். வெயில் இருக்கும்போதே போவாள். நானும் வெயில் இருக்கும்போதே ஒரு குவளையோடு வேலியைத் தாண்டினேன். திருடனைப் போல ஒளிந்துகொண்டெல்லாம் போகவில்லை. ஓரிருவர் சாலையில் போனார்கள், கையசைத்தேன், அவர்களும் அசைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்குப் போவதில் என்ன இருக்கிறது?

சிட்டுக்கு ஒன்றுக்கு நான்கு. கரடிக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை, தேன் கூடாது என்ற விதியும் இல்லை. சர்க்கரையும் தேனும் சேர்த்துக் கெட்டியாகவே காய்ச்சினேன். நாற்காலிகளுக்குப் பின்னால், மூலைப் பலகை இடுக்குகளில் ஊற்றினேன். அது முதலில் ஒரு பரிசோதனைதான். சீக்கிரம் இனிப்பு வைத்தால் கரடி வரும் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அது உண்மைதானா என்று பார்க்க வேண்டாமா? உண்மைதான். அடுத்த வாரமே பலகையில் நகக் கீறல் இருந்தது. பெண் கரடி, கூடவே இரண்டு குட்டிகள். விடியும் நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து வரும். குட்டிகள் மூலைக்குள் புகுந்து நக்கும், தாய் படியருகே நின்று காத்திருந்துவிட்டுப் பிறகு உள்ளே போகும். நல்ல தாய். ஊரில் பலரைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டது.

கருங்கரடி சாதாரணமாக ஆளைத் தொடாது. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் போட்டால் ஓடிவிடும். ஆனால் குட்டிகள் ஒரு மூலையில் இருக்க, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே திடீரென்று ஒரு கதவு திறந்து ஒரு ஆள் வந்து நின்றால், அது வேறு சமாச்சாரம். நான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இயற்கை.

ஏப்ரல் நடுவில் மார்செல்லா ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல நடந்த கூத்தை மனசுல வச்சுக்காதீங்க ஆல்டன். ராய்ஸுக்கு வாய்தான் நீளம். இந்த வருஷம் நீங்க சொல்ற அன்னிக்குத்தான் நான் மாட்டுவேன். ஒரு நாள் முன்னாடி மாட்ட மாட்டேன். நான் மாட்டலைன்னா ஊரே மாட்டாது, பாருங்க."

"உங்க இஷ்டம்" என்றேன்.

"இஷ்டம் இல்ல. போன வருஷம் வந்த சிட்டு குருட்டு அதிர்ஷ்டம். உங்களுக்கு விஷயம் தெரியும், எனக்குத் தெரியாது. பையைச் சாப்பிடுங்க, அந்தக் கடவாய்ப் பல்லால மட்டும் கடிச்சிடாதீங்க."

பை நன்றாக இருந்தது. அவள் சொன்னபடியே கம்பத்தை வெறுமையாக விட்டாள். ஊரில் யாரும் மாட்டவில்லை. எனக்கு வேண்டியிருந்தது முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டது. அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். கிடைத்தது என்னுடையதாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். அது அவள் போட்ட பிச்சை. அந்த வியாழக்கிழமையும் குவளையை எடுத்துக்கொண்டு போனேன். மறு வியாழக்கிழமையும் போனேன்.

ஒரு நாள் அவள் வேலியோரம் வந்து நின்றாள். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

"தாழ்வாரத்துல ஏதோ நாத்தம் ஆல்டன். கருப்பா மயிர் கிடக்கு. மூலைப் பலகையை யாரோ நக்கி வச்சாப்ல பளபளன்னு இருக்கு. கரடியா இருக்குமோ?"

"நீங்கதான் ஒண்ணும் மாட்டலையே. கரடி எதுக்கு வரும்? குப்பைத்தொட்டியை உருட்டற ரக்கூனா இருக்கும்."

"ரக்கூன்னா பரவாயில்ல." அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. அவளை எனக்குப் பிடிக்கும். அவளைப் பிடிக்காத ஆள் இந்த ஊரில் இல்லை, அதுதான் பிரச்சினையே.

பிறகு ஷாட் பூத்தது. காலையில் ஆற்றங்கரை முழுக்க வெள்ளை. நான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கடை வாசலில் குடுவையை மாட்டினேன். பழைய காலம் மாதிரியே கூட்டம் வந்தது. வெர்னா எல்லோருக்கும் டோனட் கொடுத்தாள். மார்செல்லா கை தட்டினாள்.

"பெரியவர் உத்தரவு குடுத்தாச்சு. நாளைக்கு விடியும்போதே மாட்டிடறேன்" என்றாள். "நீங்க உங்க ஜன்னல்ல நின்னு பாருங்க ஆல்டன். சரியா மாட்டறேனான்னு மார்க் போடுங்க."

"பாக்கறேன்" என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள் என்றால் போதும், அவள் கேள்வி கேட்காமல் கேட்டிருப்பாள். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள், வந்தது. ஆனால் ஊரைக் கூட்டி வைத்து, இன்றுதான் நாள் என்று சொல்லிவிட்டு, சாயங்காலமே போய் இன்றில்லை, அடுத்த வாரம் என்றால் ராய்ஸ் என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்ன நாளை என் வாயாலேயே மாற்றிக்கொள்வதா? அதற்கு அந்தத் தீர்மானத்தையே சட்டமாக்கிவிட்டுப் போகலாம்.

மறுநாள் விடியும்போது ஜன்னலருகே நின்றேன், காபிக் குவளையோடு. குட்டிகள் தாழ்வாரத்துக்குள் இருந்தன. தாய் படிக்குக் கீழே நின்றது. மார்செல்லா இரண்டு கையிலும் குடுவையைப் பிடித்தபடி, முதுகால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். தண்ணீர் சிந்தாமல் இருக்க அப்படித்தான் வர வேண்டும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமானது. மற்றதை அரசாங்க மருத்துவர் எழுதியிருப்பார், நான் சொல்லி நீங்கள் கேட்பதற்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டது. பிறகு நீங்கள் அதைத் தேடிப்பிடித்துச் சுட்டீர்கள். அந்தக் கரடி மேல் ஒரு தப்பும் கிடையாது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். சவ அடக்கம் முடிந்து கடையில் எல்லோரும் கூடியபோது ராய்ஸ்தான் வாயைத் திறந்தான்.

"கரடி குட்டியோட அலையற நேரத்துல மாட்டச் சொன்னது யாரு? அவ பாட்டுக்கு மாட்டாமதான் இருந்தா. இவர் பேச்சைக் கேட்டா, போய்ச் சேந்தா."

"சும்மா இரு ராய்ஸ்" என்றாள் வெர்னா. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, வாசலில் நான் மாட்டிய குடுவையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கோவிச்சுக்காதீங்க ஆல்டன். உங்களுக்கு வயசாச்சு, நாள் தப்பறது சகஜம். அடுத்த வருஷத்துலேர்ந்து ஜூன்ல மாட்டிக்கலாம்னு எல்லாரும் பேசிக்கறாங்க."

ஜூன். ஜூனில் சிட்டு கூடு கட்டி, முட்டை இட்டு உட்கார்ந்திருக்கும். ஜூனில் மாட்டுவதற்குப் பேசாமல் நவம்பரில் மாட்டலாம். ஒரு பெண் செத்ததற்காக ஒரு ஊர் இவ்வளவு மூடத்தனமாகிவிடுவதா? நான் அங்கேயே சொல்லியிருப்பேன், நாள் தப்பவில்லை, அத்தாட்சி என்னிடம் இருக்கிறது என்று. ஆனால் அத்தாட்சியைச் சொன்னால் நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதினால் அது அரசாங்க எழுத்து, ராய்ஸால் மறுத்துப் பேச முடியாது.

எழுதிக்கொள்ளுங்கள். கரடியைப் பழக்கியது நான். ரக்கூன் என்று பொய் சொன்னது நான். அவள் வருவாள் என்று தெரிந்து நின்று பார்த்தது நான். கரடி போன பிறகு மார்செல்லா படியில் கிடந்தாள், கை அசைந்துகொண்டிருந்தது, என் ஜன்னல் பக்கம்தான் நீட்டியிருந்தாள். தொலைபேசியை எடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் அது வந்தது. ஆண் சிட்டு, கழுத்தில் மாணிக்கச் சிவப்பு, இந்த வருஷத்தின் முதல் சிட்டு. புல்லில் உருண்டு கிடந்த குடுவைக்கு மேலே நின்று, மூக்கை உள்ளே விட்டுக் குடித்தது. நான் அசைந்தால் அது பறந்துவிடும், அதனால் அது வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகும்வரை நான் அசையவில்லை. அதற்குள் அவள் கையும் அசையவில்லை.

அதை முதல் வரியில் எழுதுங்கள். நான் சொன்ன அந்த நாளுக்கு மறுநாள் காலையிலேயே சிட்டு வந்தது, நாளில் ஒரு தப்பும் இல்லை. கொலையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.